பழுப்பு வளையம்

தெளிந்த தண்ணீரைக் கண்டால் டீச்சரம்மாவுக்கு ஆகாது. கலங்கல் தண்ணீரைப் பார்த்தால் அவர் முகம் மாறாது. "அது தன் யோக்கியதையத் தானே சொல்லிருதுல்லா" என்பார். பளிங்கு மாதிரி நிற்கிற தண்ணீரைக் கண்டால்தான் நெற்றி சுருங்கும். டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, திருடனை விசாரிக்கிற போலீஸ்காரர் மாதிரி உற்றுப் பார்ப்பார். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். குடிக்கக் கொடுத்த தண்ணீரை இப்படிப் பார்த்தால் எந்த வீட்டுக்காரிக்குப் பொறுக்கும்? அதனால் அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பார்வை ஒருநாள் என் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது. என் கைப்பிள்ளையின் உயிர் நிற்குமா போகுமா என்று கிடந்த நேரம். சொல்ல வந்தது அதைத்தான். ஆனால் அதற்கு முன்னால் கடலைச் சொல்ல வேண்டும்.

கொடைக்கானலில் ஏது கடல் என்று கேட்பீர்கள். இருந்தது. வட்டக்கானல் போகிற பாதையில் ஒரு பழைய ஓட்டு பங்களாவில், அடுப்படிச் சுவரை ஒட்டி, ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. நான் அந்த பங்களாவில் தோட்டக்காரன். பேரி மரத்துக்குக் கவாத்து, ரோஜாவுக்கு எரு, குளிருக்கு விறகு என்று என் சோலி போய்க்கொண்டிருந்தது. டீச்சரம்மா வந்த பிறகுதான் கடலுக்கு வேலை பார்க்க ஆரம்பித்தேன்.

அவருக்குத் தூத்துக்குடி. அங்கே ஏதோ பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தவர். நெஞ்சில் கோளாறு, உப்புக்காற்று ஆகாது, மலைக்குப் போ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வந்தவர் பெட்டி படுக்கையோடு கடலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்குக்குக் கீல் பூசிய தொட்டி. அதற்குள் பவளப்பாறைத் துண்டுகள். பாறை என்றால் செத்த பாறை இல்லை. ஊதாவும் பச்சையுமாக உயிரோடு மூச்சு விடுகிற பாறை. நடுவில் ஒரு கடல் சாமந்தி. பூ மாதிரி விரியும், ஆனால் பூ இல்லை, அதுவும் ஒரு பிராணிதான். அதன் இதழ்களுக்குள்ளே ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக இரண்டு மீன்கள் குடித்தனம் நடத்தின.

எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். அதனால்தான் அடுப்புச் சுவர். காற்று வேண்டும். அதற்கு ஒரு பழைய லாரி டியூப். அதில் நான் காலையும் மாலையும் பம்பு அடித்து வைப்பேன். ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் காற்று கசிந்து குமிழி குமிழியாகத் தொட்டிக்குள் ஏறும். பிற்காலத்தில் நான் திருச்செந்தூர் போய் நிஜமான கடலைப் பார்த்தேன். பெரிசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

கடல் தண்ணீர் அவர் தம்பி அனுப்பி வரும். பீங்கான் ஜாடிகளில் வாய் கட்டி, வைக்கோல் சுற்றி, ரயிலில் கொடைரோடு ஸ்டேஷன் வரை. அங்கிருந்து காய்கறி லாரி. ஒருமுறை ஸ்டேஷனில் ஒரு ஜாடி விரிசல் விட்டுவிட்டது. லாரிக்காரர் நல்ல மனுஷர், பழனிக்காரர். ஒழுகிப் போகக் கூடாதே என்று டீக்கடையில் ஒரு செப்புக்குடத்தை இரவல் வாங்கி, புளி போட்டு விளக்கி, அதில் ஊற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கினார். டீச்சரம்மா குடத்தைப் பார்த்ததும் தூக்கிப்போய் வேலி ஓரத்தில் கவிழ்த்துவிட்டார்.

"என்ன டீச்சரம்மா இப்படிப் பண்ணிட்டீக! முருகன் அபிசேகத்துக்கே செப்புக்குடந்தான. அதவிடச் சுத்தம் உண்டா?"

"சாமி தாங்கிக்கிடும்யா. என் பூவு தாங்காது. செம்பு கரைஞ்சு இறங்கும், கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததுக்கெல்லாம் பயந்தா மனுசன் மலையேற முடியுமா?" என்று லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே குடத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ஒல்லியான கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுப்பார். அன்னபேதி உப்பைக் கரைத்து அதில் கலப்பார். பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகக் கந்தகத் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். திராவகம் கனம்; அடியில் போய்த் தங்கும். மேலே தண்ணீர், கீழே திராவகம். இரண்டும் சேருகிற இடத்தில், அந்தத் தண்ணீரில் நஞ்சு இருந்தால், பழுப்பாக ஒரு வளையம் எழும்பும். நூல் மாதிரி லேசாக வந்தால் கொஞ்சம். தோல்வார் மாதிரி தடித்து வந்தால் நிறைய. அந்த நஞ்சுக்கு நைட்ரேட் என்று பேர். மீன் தின்று கழித்தது, தின்னாமல் விட்டது, எல்லாம் மக்கிக் கடைசியில் அதுவாகத்தான் வந்து நிற்குமாம். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசி இல்லை. ரொம்ப லேசாக இருந்தால் வளையம் பிடிபடாது. அப்போது தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிப் பிறகு பார்ப்பார்.

இதை ஜன்னல் வழியாகப் பார்த்த பொம்பளைகள், டீச்சர் மை போட்டுப் பார்க்கிறார் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். உப்புத்தண்ணி டீச்சர் என்று இருந்த பேர் மைக்காரி என்று ஆனது.

வளையத்தை மெலிய வைக்க அவர் படாத பாடு இல்லை. மீனுக்கு இரையைக் குறைப்பார். "பாவமா இருக்கு டீச்சரம்மா, வாயப் பெளந்துக்கிட்டு வருது" என்பேன். "பசியில மீன் சாவாது வேலப்பா. நாம எரக்கப்பட்டுப் போடுத இரையிலதான் சாவும்" என்பார். அடியில் விழுந்த மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார். பக்கத்து ஜாடி ஒன்றில் தொட்டித் தண்ணீரை ஓடவிட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டுக் கடல்பாசி வளர்ப்பார். பாசி அந்த நஞ்சைத் தின்று கொழுக்கும். கொழுத்ததும் கை நிறைய அறுத்து என்னிடம் கொடுப்பார். நான் அதை நன்றாக அலசி ரோஜா வேரில் போடுவேன். செடிக்கு அது எரு. ஒன்றுக்கு எருவாக இருப்பதே இன்னொன்றுக்கு நஞ்சு என்று அவர் சொல்வதை நான் அப்போது பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டு வரிசையில் அடுத்த வீட்டுப் பிள்ளை இறந்துபோனது. கைக்குழந்தை. உடம்பு நீலம் பாரித்துப் போயிருந்தது. குளிர் அடித்துவிட்டது என்றார்கள். எங்கள் மலையில் பிள்ளை செத்தால் குளிர் மேல்தான் பழி போடுவார்கள். எல்லாரும் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறோம். டீச்சரம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். குனிந்து பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். பிறகு அந்தத் தாயிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பாலு குடுத்திய? எந்தத் தண்ணி?"

அழுகை நின்றுபோனது. பிள்ளையின் பாட்டி எழுந்து நின்று, "ஏ மைக்காரி, எழவு வீட்டுல வந்து வெசாரணையா வைக்கிற? போ வெளிய!" என்று கத்தினாள். டீச்சரம்மா போனார். கோபம் இல்லை, வருத்தமும் முகத்தில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராத வாத்தியார் மாதிரி போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஏனென்றால் என் பெண்டாட்டி பாக்கியம் அப்போது நிறைமாதம்.

தை மாதம் எனக்கு மகள் பிறந்தாள். பாக்கியத்துக்குப் பேறுகாலக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. மேல்மலைப் போளூரிலிருந்து மாமியார் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். டின் பால்தான். டின்மேல் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை படம் இருக்கும். அந்த டின்னை மாமியார் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய தம்பி, பாக்கியத்துக்குத் தாய்மாமன். எங்கள் வரிசைக்கு மேலே இருக்கிற உருளைக்கிழங்குக் காடு அவருடையதுதான். வெள்ளை உரம் எங்கள் பக்கம் புதிதாக வந்திருந்த காலம். முதலில் மூட்டை மூட்டையாக இறக்கிப் போட்டவர் அவர். ஆட்டுக்கிடையும் போடுவார், உரமும் போடுவார். கிழங்கு தேங்காய் மாதிரி விளைந்தது. அந்தக் காட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் ஊத்து. பாறை இடுக்கிலிருந்து வருகிற தண்ணீர். கோடையில்கூட வற்றாது. அத்தனை தெளிவு; அடியில் கிடக்கிற ஊசியை எடுக்கலாம்.

மாசி பிறந்தது. மழை இல்லை. பங்களாவில் தொட்டி சரியில்லை. பவளத்தின் ஊதா மங்கிப் பழுப்படித்தது. கடல் சாமந்தி சுருங்கிக் கை முஷ்டி மாதிரி ஆகிவிட்டது. டீச்சரம்மா இரையைப் பாதியாக்கினார். பாசியை அறுத்துக்கொண்டே இருந்தார். தூத்துக்குடித் தண்ணீர் வந்ததும் மாற்றினார். என்ன செய்தும் வளையம் மெலியவில்லை. நாளுக்கு நாள் தடித்தது.

"வெளிய எடுத்துக்கிட்டே இருக்கேன் வேலப்பா. எங்கிருந்தோ உள்ள வந்துக்கிட்டே இருக்கு."

தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போகும். அடுப்புச் சூடு அப்படி. உப்பு போகாது, தண்ணீர்தான் போகும். குறைந்ததை நல்ல தண்ணீரால் ஈடு கட்ட வேண்டும். அதற்காக ஓட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீரைப் பிடித்து ஜாடிகளில் வைத்திருந்தார். மழை இல்லாததால் அதை மிச்சம் பிடிக்க, ஊத்துத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முதலில் காய்ச்சாமல் சோதித்தபோது அதில் வளையம் பிடிபடவில்லை. நான்தான் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் என் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதிலிருந்து கொஞ்சம் மொண்டு, சுண்டக் காய்ச்சி, ஆற வைத்து, திராவகம் இறக்கினார்.

வளையம் வந்தது. கறுப்புக் கயிறு மாதிரி வந்தது.

அவர் குழாயைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உன் பிள்ளைக்கு என்ன பாலு?"

எழவு வீட்டில் கேட்ட அதே கேள்வி. ஒரு வாரமாக என் மகள் சரியில்லை. அழ வேண்டிய பிள்ளை அழாமல் கிடந்தது. உதட்டைச் சுற்றி ஒரு நிழல் விழுந்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள். சளி இல்லை, இருதயத்தில் ஏதோ இருக்கலாம், மதுரைக்குக் கொண்டு போ என்றார்கள். மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போவதாக இருந்தோம். அதை நான் அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. மைக்காரியின் கண் பிள்ளைமேல் விழ வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருந்தாள். இப்போது டின் பால், ஊத்துத் தண்ணீர், மதுரை எல்லாவற்றையும் கொட்டினேன்.

டீச்சரம்மா மூச்சு இரைக்க இரைக்க எனக்கு முன்னால் இறங்கி நடந்தார். வீட்டுக்குள் வந்தவர் பிள்ளையிடம் போகவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுல எவ்வளவு ஊத்துனிய?"

மாமியாருக்கு ஆத்திரம். ஆனாலும் படித்த பொம்பளை கேட்கிறாளே என்று சொன்னாள். "வெள்ளனே பானை நெறைய ஊத்துனேன்."

"இப்ப அடியிலதான் கெடக்கு."

"சுண்டச் சுண்டத்தான சுத்தம்? ஆசுபத்திரி நர்சம்மா கொதிக்க வச்சுக் குடுன்னாக. நான் சும்மா கொதிக்க வைக்கிறவளா? கசாயம் மாதிரி நாலு பங்க ஒரு பங்கா வத்த வச்சில்ல பாலக் கரைக்கேன்."

டீச்சரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தாம்மா. மத்ததெல்லாம் அடியில நின்னுக்கிடும். நான் வெஷத்தைக் கண்டுபிடிக்கதுக்கு இதத்தான் செய்தேன், இப்ப, அங்க வச்சு. இப்படித்தான் சுண்ட வச்சேன். நீங்க அதப் பிள்ளைக்குக் குடுக்கிய."

"எங்க ஊத்துல வெஷமா? தலைமுறை தலைமுறையாக் குடிக்கோம். வேலப்பா, இந்தம்மாவ வெளிய கூட்டிட்டுப் போ!"

டீச்சரம்மா எழுந்தார். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அடுப்புத் தீயில் காட்டி, யாரும் தடுக்கும் முன்னால் என் மகளின் குதிகாலில் குத்திவிட்டார். மாமியார் ஐயோ என்று அலறினாள். பிள்ளை அழவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. டீச்சரம்மா அதைத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் ஒற்றி எங்களுக்கு நேராக நீட்டினார்.

சிவப்பாக இல்லை. காப்பித்தூளைக் கரைத்து விட்ட மாதிரி பழுப்பாக இருந்தது.

பாக்கியம் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "அத்தாச்சி சொல்றதக் கேளும்மா" என்றாள். டீச்சரம்மாவை அவள் உறவுமுறை வைத்து அத்தாச்சி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"அந்த வெஷம் சேந்தா ரத்தம் இப்படித்தான் பழுப்பாவும். மதுரைக்குக் கொண்டு போகணும்னா போங்க. ஆனா இந்தத் தண்ணி இனிமே ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. வேலப்பா, எங்கூட வா."

தொட்டிக்கு என்று பொத்தி வைத்திருந்த மழைத்தண்ணீர் ஜாடிகளை எல்லாம் எடுத்துக்கொடுத்தார். நான் ஒன்றை மட்டும் தூக்கியபோது, "எல்லாத்தையும்" என்றார். தொட்டிப் பக்கம் அவர் திரும்பவில்லை.

மதுரைக்கு நாங்கள் போகவில்லை. காலையில் பஸ் வருவதற்குள் பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்கடுத்த நாள் உதட்டில் சிவப்பு வந்தது. மாமியார் பூம்பாறை வேலப்பருக்குக் காசு முடிந்து வைத்ததால் பிழைத்தது என்றாள். தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சூடு தணிந்துவிட்டது என்றார். யார் சொன்னதையும் நான் மறுக்கவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் போதும் என்று இருந்தது.

டீச்சரம்மாவுக்குப் போதாது. கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு கிழங்குக்காட்டுக்கே போய்விட்டார். தாய்மாமன் ஆள்களை வைத்து உரம் தூவிக்கொண்டிருந்தார். டீச்சரம்மா வளையத்தைக் காட்டினார். அவர் சிரித்தார்.

"பயிரு திங்கிற உப்பு பிள்ளையத் திங்குமா டீச்சரம்மா? எங் கிழங்கப் பாத்தீகளா?" அப்புறம் கீழே இறங்கி ஊத்தில் இரண்டு கையாலும் மொண்டு குடித்தார். "பாருங்க, குடிச்சிட்டேன். செத்தா விழுந்தேன்?"

"நீங்க பெரியாளுய்யா. ஒங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பாலுக்குடி பிள்ளைக்குத்தான்..."

"பிள்ள குட்டி பெறாதவுகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அவர் சொன்னதும், வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

திரும்பி வந்ததும் டீச்சரம்மா தம்பிக்குத் தந்தி அடிக்கச் சொன்னார். இனி தண்ணீர் அனுப்ப வேண்டாம் என்று. எனக்குப் புரியவில்லை. "ஊத்துத் தண்ணியே ஊத்து" என்றார். "வாசக் கதவைத் தெறந்து வை. யாரு வந்து கேட்டாலும் உள்ள விடு. நான் சொன்னா நம்ப மாட்டாக. கண்ணால பாக்கட்டும்."

அப்படியே செய்தேன். பங்குனி முழுவதும் அந்தக் கதவைச் சாத்தவில்லை. பனிமூட்டம் உள்ளே வந்து போகும். ஊர் சனம் முதலில் எட்டிப் பார்த்தது, பிறகு கூட்டமாக வந்தது. மைக்காரியின் கடலைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பவளம் வெளுத்து எலும்பு மாதிரி ஆனதை அவர்கள் பார்த்தார்கள். கடல் சாமந்தி ஒருநாள் கழன்று விழுந்து அழுகியது. வீடெல்லாம் வீச்சம். மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டீச்சரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு, இருமிக்கொண்டே, வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"நம்ம ஊத்துத் தண்ணிதான் ஊத்துதேன். வேற ஒண்ணுமே போடல. பாத்துக்கிடுங்க."

எல்லாரும் நன்றாகப் பார்த்தார்கள். மீன் மிதந்த அன்று அடுத்த வீட்டுப் பாட்டி, எழவு வீட்டில் அவரை விரட்டினாளே அவள், மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "இதுல என்ன அதிசயம்? உப்புத்தண்ணியில பொறந்ததுக்கு நம்ம நல்ல தண்ணி எப்படி ஒத்துக்கும்?"

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தாய்மாமனின் மருமகள் மட்டும் கடைசியாக வாசலில் நின்றாள். ஊத்துக்கு வந்தவள், இளம்பெண், முதல் கர்ப்பம். நிறைகுடத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். டீச்சரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துபோய் அவளுடைய கையைப் பிடித்தார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ஒனக்கு எப்பம்மா?"

"ஆவணியில டீச்சரம்மா."

"ஒம் பாலையே குடு தாயி. வேற எதுவும் குடுக்காத. நான் சொல்லுததக் கேப்பியா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அது காசில்லாதவுக குடுக்கிறது டீச்சரம்மா. எங்க மாமா இந்த வாட்டிக் கெழங்கு வித்ததுல, பால் டின்னா வாங்கி அடுக்கி வச்சிருக்காக. எம் பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, தண்ணீர் தளும்பி மேலே படாமல் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு, மேட்டில் ஏறிப் போனாள்.